தி மோர் தி மெரியர் (1943): டிங்கிள் செய்தது உதவியா, அத்துமீறலா?

மாலைக்காட்சி:
ஜார்ஜ் ஸ்டீவன்ஸின் இந்தப் படத்தைப் போர்க்காலக் காதல் நகைச்சுவையின் உச்சம் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. கதை தெரியாதவர்களுக்கு: போர் நேரத்து வாஷிங்டன், வாடகைக்கு ஓர் அறை கிடைப்பதே குதிரைக்கொம்பு. கானி (ஜீன் ஆர்தர்) தன் வீட்டில் பாதியை வாடகைக்கு விடுகிறாள். பெண்தான் வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல டிங்கிள் என்ற பணக்காரக் கிழவர் உள்ளே நுழைந்து, தன் பாதியிலும் பாதியை ஜோ என்ற ராணுவ சார்ஜென்டுக்கு அவளைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார். அப்புறம் அவளுடைய டைரியைப் படிக்கிறார், அவளுக்கு நிச்சயமான பெண்டர்காஸ்டை ஓரங்கட்டுகிறார். இதையெல்லாம் ரசிக்கச் சொல்கிறது படம். சார்லஸ் கோபர்னுக்கு ஆஸ்கர் கிடைத்ததும் இந்த வேடத்துக்குத்தான்!

கடைசிவரிசை:
டைரி படித்ததைப் படம் எங்கே நியாயப்படுத்துகிறது? கையும் களவுமாகப் பிடித்த கானி இருவரையும் வெளியே போகச் சொல்கிறாள், கிழவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். கானி வாயில்லாப் பூச்சியும் இல்லை. காலையில் யார் எத்தனை மணிக்குக் குளிக்க வேண்டும், எப்போது காபி என்று நிமிடக் கணக்கில் அட்டவணை போட்டுக் கொடுப்பவள் அவள்தான், அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பேன்ட்டைத் தேடி அலைபவர் டிங்கிள்.

மாலைக்காட்சி:
சரி, வாசற்படிக் காட்சி? அவள் விலக்க விலக்க ஜோவின் கை தோளுக்கும் கழுத்துக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. அதைக் காதல் என்று என்னால் பார்க்க முடியவில்லை.

பழையரீல்:
அந்தக் காட்சியில் ஜீன் ஆர்தரின் முகத்தைப் பாருங்கள். வாய் பெண்டர்காஸ்டின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறது, ஆனால் தான் என்ன பேசுகிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோகிறது, கடைசியில் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தமிடுபவள் அவள். ஜோ ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட வேண்டியவன், அந்த அவசரம் இருவருக்கும் தெரியும். அன்று இரவு மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் படுத்துப் பேசுவதை ஜன்னலுக்கு வெளியிலிருந்து கேமரா பார்க்கிறது, இருவரும் ஒரே கட்டிலில் கிடப்பது போலத் தெரிகிறது. தணிக்கை கெடுபிடியாக இருந்த காலத்தில் இதை எடுத்திருக்கிறார் ஸ்டீவன்ஸ்! இதை முடித்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்தவர், டக்காவ் வதைமுகாம் வரை படம்பிடித்தார், திரும்பி வந்து இந்த மாதிரி ஒரு நகைச்சுவை எடுக்கவே இல்லை.

மாலைக்காட்சி:
நாளைக்குப் போருக்குப் போகிறவன் என்றால் எதுவும் செய்யலாமா? முடிவையும் பாருங்கள். ஊர் வாய்க்குப் பயந்து கானிக்கும் ஜோவுக்கும் கல்யாணம், பிறகு ரத்து செய்துகொள்ளலாம் என்று யோசனை சொன்னவரும் டிங்கிள், அவர்கள் திரும்புவதற்குள் நடுச்சுவரை எடுக்க ஏற்பாடு செய்தவரும் டிங்கிள். கானியை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

கடைசிவரிசை:
ரத்து செய்யப்போகும் கல்யாணம் என்றால் அவள் ஏன் அப்படி ஓயாமல் அழுகிறாள்? அந்த அழுகைக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.