கோத்தகிரியிலிருந்து பவானிக் கரைக்கு மலை சைக்கிளில் இறங்க மண்பாதை உண்டா?

பவானிக்கரையான்

வணக்கம். ஊர் மேட்டுப்பாளையம், வயது 31. எட்டு மாதமாக மலை சைக்கிள் ஓட்டுகிறேன். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன், 29 அங்குலச் சக்கரம், கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக். இதுவரை ஓட்டியதெல்லாம் பவானி ஓரத்து வாழைத் தோட்டங்களுக்கும் பாக்குத் தோப்புகளுக்கும் நடுவில் போகும் வரப்புப் பாதைகளில்தான். சமதரை அலுத்துவிட்டது.

ஜூன் முதல் வாரம் நண்பனும் நானும் கோத்தகிரிக்கு ஏதாவது வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து காட்டு வழியாக இறங்கலாம் என்று இருக்கிறோம். தார்ச்சாலை 33 கிலோமீட்டரும் பஸ்ஸும் லாரியும்தான். அதில் இறங்க மனமில்லை. 1820களின் தொடக்கத்தில் கோவை கலெக்டர் சல்லிவன் காலத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கத்துத் திம்பட்டிக்குக் குதிரைப் பாதை போட்டார்கள் என்று படித்தேன். சாட்டிலைட் வரைபடத்தில் குஞ்சப்பனைக்குப் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. அந்தப் பாதைதானா? சைக்கிள் போகுமா? அனுமதி வேண்டுமா? இந்த பிரேக் தாங்குமா?

கொழுந்துக்கூடை

தம்பி, முதலில் அந்த வரைபடத்தை மூடி வையுங்கள். மேலிருந்து பார்த்தால் மனிதன் நடந்த தடமும் யானை நடந்த தடமும் ஒரே கோடாகத்தான் தெரியும்.

நான் கோத்தகிரிக்காரன். 34 ஆண்டு தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் வாங்கி இரண்டு மாதம் ஓட்டிவிட்டு மூலையில் சாத்திய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தேன். ஒன்பது ஆண்டு ஆகிறது, இன்னும் அதே சைக்கிள்தான்.

நீங்கள் தேர்ந்தெடுத்த மாதத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஜூனில் குஞ்சப்பனையிலும் மாமரத்திலும் பலா பழுக்கும். அந்த வாசனைக்குச் சமவெளிக் காட்டிலிருந்து யானைகள் குட்டிகளோடு ஏறி வந்து, ஆகஸ்ட் வரைகூட அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் தார்ச்சாலையிலேயே பஸ்ஸை நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நீங்களோ சத்தமே இல்லாமல், வளைவு தெரியாத ஒற்றையடிப் பாதையில், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கப் போகிறேன் என்கிறீர்கள். சைக்கிளின் பெருமை அதன் அமைதி. யானைக் காட்டில் அதுவே எமன். நடந்து போகிறவனை யானை பெரும்பாலும் முன்கூட்டியே அறிந்துவிடும். உங்களை அது அறியும்போது நீங்கள் அதன் காலடியில் இருப்பீர்கள்.

அடுத்தது சட்டம். அது காப்புக்காடு. அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படியே குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்ட பிறகு, காட்டுக்குள் நடப்பதற்கே தனி விதிகள் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை மலையேற்றத்துக்குத் திறந்தது. அதுவும் வழிகாட்டியோடு, நடந்து போக மட்டும். சைக்கிளுக்கு அதில் இடமில்லை. குதிரைப் பாதையைப் பார்க்க ஆசையாக இருந்தால் கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களாவை நினைவகமாக வைத்திருக்கிறார்கள், பாருங்கள். பாதையைத் தேடாதீர்கள்.

சரி, திட்டியாகிவிட்டது. ஓட்டுவதற்கு இடம் சொல்கிறேன். இறங்குவதை விட்டுவிட்டு மேலேயே சுற்றுங்கள். கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் சாலை 18 கிலோமீட்டர். அதை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஹட்டிகளுக்கு, அதாவது படுகர் ஊர்களுக்கு, பிரியும் பஞ்சாயத்துப் பாதைகள் இருக்கின்றன: ஊருக்குள் கான்கிரீட், ஊர் தாண்டினால் சிறு விவசாயிகளின் தேயிலைக்கு நடுவே செம்மண். ஒரு ஹட்டியில் இறங்கி, பள்ளத்து ஓடையைக் கடந்து, எதிர்ச்சரிவில் அடுத்த ஹட்டிக்கு ஏறுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தால் உங்கள் தொடை என்னைச் சபிக்கும். பெரிய எஸ்டேட் பாதை என்றால் வாயிலில் கேட்டுவிட்டுப் போங்கள். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், கேட்காமல் போனால் நாய் விடாது.

கவாத்து வெட்டிய வயலைச் சைக்கிளோடு கடக்காதீர்கள். தேயிலைச் செடியைக் கத்தியால் சாய்வாக வெட்டுவோம். பாதையில் விழும் குச்சியின் முனை எழுதுகோல் சீவியது போல் இருக்கும், காய்ந்த பிறகு ஆணிதான். ஒரே காலையில் என் பின்சக்கரத்தில் நான்கு ஓட்டை. வெட்டியவர்களில் பாதிப் பேர் என்னிடம் வேலை கற்றவர்கள் என்பதால் கோபிக்கவும் முடியவில்லை.

காட்டெருமை நின்றால் இறங்கி நில்லுங்கள், மணி அடிக்காதீர்கள். கரடிக்கு விடியற்காலையும் அந்தியும் உலாவும் நேரம். காலை ஏழரைக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும் தேயிலைக்குள் இருக்க வேண்டாம்.

ஏற்றிக்கொண்டு வர வண்டி தேடுகிறீர்கள் அல்லவா? காரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி உங்கள் ஊர் மண்டிக்கு இரவில் இறங்கும் டெம்போக்கள் காலையில் காலியாகத் திரும்பும். டீக்காசு கொடுத்தால் சைக்கிளை ஏற்றிக்கொள்வார்கள். திரும்பும்போது தார்ச்சாலையில் பகலிலேயே இறங்கிவிடுங்கள். பின் பிரேக்கை மெல்லப் பிடித்தபடியே வாருங்கள், கம்பி பிரேக் போதும்.

ஸ்போக்_கோவை

ஐயா சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு, கடைசி வரியைத் தவிர. பின் பிரேக்கை மெல்லப் பிடித்தபடியே 33 கிலோமீட்டர் இறங்குவதுதான் பிரேக்கைக் கொல்லும் வழி. கோவையில் சைக்கிள் பழுது பார்க்கிறேன்; மலை இறங்கி வரும் சைக்கிள்களில் நீலம் பாய்ந்த டிஸ்க்கும் கண்ணாடிபோல் மினுங்கும் பிரேக் கட்டையும் மாதம் குறைந்தது இரண்டு பார்க்கிறேன்.

கணக்குப் போடலாம். கோத்தகிரி ஏறத்தாழ 1,790 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால், இந்த இறக்கத்தில் வெளிவரும் ஆற்றல் நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கக் கிட்டத்தட்டப் போதும். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி அத்தனையும் ஒரு சின்னத் தகட்டில் இறங்குகிறது. மெதுவாக உருட்டிக்கொண்டே பிரேக்கைப் பிடித்திருந்தால் காற்றின் பங்கும் குறைந்து, தகடு ஆறவும் நேரம் இருக்காது.

ஆகவே நேர்ச்சாலையில் விட்டுவிடுங்கள். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, மறுபடி விடுங்கள். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. கவிழ்ந்துவிடுவோம் என்று பயந்து அதைத் தொடாமல் இருப்பவர்கள்தான் என் கடைக்கு வருகிறார்கள். உடலைப் பின்னுக்குத் தள்ளி, பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கப் பிடித்தால் கவிழாது. உலோகத் தூள் கலந்த கட்டை போடுங்கள், கொஞ்சம் கத்தும், ஆனால் சூடு தாங்கும். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி டீ குடியுங்கள். சூடான தகட்டில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், கோணிக்கொள்ளும்.

மண்பாதைக்கு டயர்க் காற்றையும் குறையுங்கள். 2.2 அங்குல டயருக்கு, உங்கள் எடைக்கு, 28 பவுண்டு அளவில் தொடங்குங்கள். வரப்பில் ஓட்டியவர்கள் 50 வைத்திருப்பார்கள். ஈரத் தேயிலைப் பாதையில் அது சோப்பு.

கொழுந்துக்கூடை

ஒத்துக்கொள்கிறேன். ஒன்பது ஆண்டாகப் பின் பிரேக்கைப் பிடித்தபடிதான் இறங்குகிறேன், கட்டை ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்று இப்போதுதான் புரிகிறது.

பிரேக் பேச்சு வந்ததால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஒரு கடையில் செயினுக்கு எண்ணெய் பீய்ச்சச் சொன்னேன். பையன் தாராளமாகப் பீய்ச்சினான், டிஸ்க்கின் மேலும்தான். மறுநாள் காலை தூறல். ஓடைக்கு இறங்கும் சரிவில் பிரேக்கைப் பிடிக்கிறேன், நெய் தடவிய தோசைக்கல்லில் கை வைத்தது போல் வழுக்குகிறது. தேயிலைச் செடியைப் பிடித்து நிற்கலாம் என்று சாய்ந்தேன். செடி நின்றது, நான் வடிகால் வாய்க்காலில் கிடந்தேன். தோள்பட்டை எலும்பு. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைத் துணியால் கையைக் கட்டித் தூக்கி விட்டார்கள். "மேஸ்திரி, இனிமேலாவது நடந்து வாருங்கள்" என்று ஒருத்தி சொன்னாள். இன்றும் பார்த்தால் அதையே சொல்கிறாள்.

பவானிக்கரையான்

இருவருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். இருளர் ஊர்க்காரர்கள் அந்தக் காட்டில் தினமும் நடக்கிறார்களே? அவர்களில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டால்? இல்லையென்றால் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடா பக்கம் போனால்?

மாயாறு_ஆசிரியை

தெங்குமரஹாடா என்றதும் எழுதத் தோன்றியது. நான் சத்தியமங்கலத்தில் இருக்கிறேன். அந்த ஊர் வருவாய்க் கணக்கில் கோத்தகிரி தாலுகா, போக வேண்டியதோ பவானிசாகர் வழியாக. வழி முழுவதும் காடு. சத்தியமங்கலம் வனம் 2013 முதல் புலிகள் காப்பகம். ஊர்க்காரர்களுக்கு பஸ் உண்டு, வெளியாருக்கு அனுமதி வேண்டும், பஸ்ஸை விட்டு இறங்கியபின் மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். ஆற்றில் முதலை இருக்கிறது. நல்ல மழையில் பரிசலும் ஓடாது. அங்கே பிரசவ வலி எடுத்த பெண்கள்கூட அக்கரையிலேயே தண்ணீர் வடியக் காத்திருப்பார்கள். அது நமக்குப் பொழுதுபோக்குப் பாதை இல்லை.

கொழுந்துக்கூடை

இருளர் நடப்பது அவர்கள் காடு என்பதால். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் தருகிற உரிமையை நீங்கள் வாடகைக்கு எடுக்க முடியாது. அவர்கள் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூக்கால் பார்ப்பார்கள். நீங்கள் சைக்கிளில் போனால், கூட வருகிறவர் பாவம், உங்கள் பின்னால் ஓடவா செய்வார்?

தெங்குமரஹாடாவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? கோடநாடு காட்சிமுனையில் நில்லுங்கள். கீழே மாயாறு நூலாகத் தெரியும், அதன் ஓரத்தில் காட்டுக்கு நடுவே ஒரு பச்சைத் துண்டு, அதுதான். தூரத்தில் வெள்ளித் தகடாகக் கிடப்பது பவானிசாகர் அணைத் தண்ணீர். பத்து மணிக்குள் போய்விடுங்கள், அதற்குப்பின் பனிமூட்டம் திரைபோட்டுவிடும்.

பவானிக்கரையான்

போய் வந்தோம். ஐயா சொன்னபடி மேலேயே.

டெம்போவில் முட்டைக்கோசு இலைகள் மேல் உட்கார்ந்து ஏறினோம். எட்டு மணிக்கு முதல் ஹட்டியில் இறங்கினோம். மண்பாதை தொடங்கும் இடத்தில் 28 பவுண்டு எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. நண்பன் காற்றைக் குறைக்காமல் வந்தான், இரண்டு முறை விழுந்தான். மூன்றாவது வளைவில் காட்டெருமை. சைக்கிளைச் செடியில் சாய்த்துவிட்டு நின்றோம். அது எங்களைப் பார்க்கவே இல்லை; நெற்றியில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது, அதுதான் அதன் கவலை. 25 நிமிடம். மேலே கொழுந்து எடுத்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார்கள். பிறகு அதுவாகவே ஓடைக்கு இறங்கிப் போயிற்று.

மூன்று பள்ளம் என்றீர்கள், இரண்டோடு தொடை முடிந்துவிட்டது. காட்சிமுனைக்குப் பத்தே காலுக்குப் போனோம். வெறும் வெள்ளை. மாயாறு இருந்ததாகவே தெரியவில்லை.

இறங்கும்போது அரவேணுவில் ஒன்று, குஞ்சப்பனையில் ஒன்று என இரண்டு டீ. இரண்டாவது கடையில் பலாச்சுளை தட்டில் வைத்திருந்தார்கள். கடைக்காரர் எங்களை உட்கார விடவில்லை, வாங்கிக்கொண்டு கிளம்புங்கள் என்றார். சாலைக்குக் கீழே மரம் முறியும் சத்தம் கேட்டது.

ஐயா, அந்த மூன்றாவது பள்ளத்துக்கு நீங்கள் கூட வருவீர்களா?

கொழுந்துக்கூடை

மழை முடிந்து தை மாதம் வாருங்கள். எங்கள் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழை. 2009 நவம்பரில் மண் சரிந்து வீடுகள் புதைந்ததை நேரில் பார்த்தவன், அந்த மாதங்களில் யாரையும் பள்ளத்தில் இறக்க மாட்டேன்.

பழைய சாக்கு இரண்டு கொண்டு வாருங்கள். தை மாதம் காரட் அறுவடை, டெம்போவில் உட்காரும் இடமெல்லாம் சேறாக இருக்கும். நண்பரிடம் காற்றைக் குறைக்கச் சொல்லுங்கள்.