ஒரே இயர்போன், பிளேயர் மாறினால் வேறு சத்தம்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கல்லடிப்பக்கம்:
நாலு பீஏ (பெலன்ஸ்ட் ஆர்மேச்சர்) டிரைவர், அதாவது நாலு குட்டி ஸ்பீக்கர் உள்ள இயர்போன். டோஹாவில் இருந்து மச்சாளின் புருஷன் கொண்டுவந்தது. போனின் சார்ஜ் ஓட்டையில் இயர்போனுக்கான டொங்கிள் போட்டுத்தான் இவ்வளவு நாளும் கேட்டேன், ஒரு குறையும் இல்லை. போன கிழமை கூட்டாளி ஒருத்தன் தன் பழைய பிளேயரைத் தந்தான். மாமாங்கத் தீர்த்தத்தன்று நானே ரெக்கோர்ட் பண்ணின நாதஸ்வரம் ஒன்று இருக்கிறது. எந்தப் புதுச் சாமான் வந்தாலும் முதலில் அதைத்தான் போடுவேன். தவில் தனியாக ஓடி முடிந்து நாதஸ்வரம் திரும்ப ஏறி வரும் இடம். டொங்கிளில் அந்த இடம் காதைப் பிய்க்கும். பிய்க்கத்தான் வேண்டும், பக்கத்தில் நின்று எடுத்தது. பிளேயரில் தவில் மட்டும் முன்னுக்கு நிற்கிறது, நாதஸ்வரக்காரர் வீதி தாண்டிப் போய்விட்டார். அதே ஃபைல், பேஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ எல்லாம் ஓஃப், காதில் போடும் ரப்பரைக்கூட மாற்றவில்லை. திரும்ப டொங்கிளில் குத்தினேன், மனுஷன் பக்கத்திலேயே நிற்கிறார். இதை யாரிடம் சொன்னாலும் பிரமை என்கிறார்கள்.

காத்தான்குடி காக்கா:
பிரமை இல்லை தம்பி. ஆனால் என்னுடைய கரைச்சல் வேறு. நோன்பு காலத்தில் சஹருக்கு முழித்தால் பிளேயரில் பீஏ இயர்போனைக் குத்திக் கொஞ்ச நேரம் கிராஅத் (குர்ஆன் ஓதல்) கேட்கிற பழக்கம். ஓதுகிறவர் வசனத்துக்கு வசனம் மூச்சு விடுகிற இடத்தில் உஸ்ஸென்று ஒன்று கேட்கும். ஃபேன் சத்தம் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் ஓதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, உஸ் நிற்கவில்லை! வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். ஓதுவது மறைந்தது, உஸ் அப்படியே. ஜாக்கை இழுத்தால்தான் போகிறது. அதே பிளேயரில் மகனுடைய ஒற்றை டிரைவர் இயர்போனைப் போட்டால் மருந்துக்கும் இல்லை. அன்றிலிருந்து கேட்க உட்கார்ந்தாலே மனம் அந்த இடைவெளிக்குத்தான் போகிறது. எனக்குக் கோபம் அதில்தான்.

கல்முனை வயர்மேன்:
இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். காக்கா சொல்வது பிளேயருக்குள் இருக்கும் அம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல். வொலியூமுக்குப் பிறகு வருகிற கட்டத்தில் பிறப்பதால் வொலியூமைக் குறைத்தாலும் குறையாது. பீஏ இயர்போன்கள் பல உணர்திறன் கூடியவை, அதனால் அது காதுக்கு வருகிறது. மகனுடைய இயர்போனுக்கு அதைக் காட்டுகிற அளவு உணர்திறன் இல்லை, அவ்வளவுதான்.

கல்லடித் தம்பியின் கதை வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது பிளேயரின் பக்கம் இருக்கும் மின்தடை, ஓமில் அளப்பது. இயர்போனுக்கும் அப்படி ஒரு ஓம் உண்டு. இயர்போன் பெட்டியில் 16 ஓம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 1 கிலோஹேர்ட்ஸில் அளந்தது. பல டிரைவரும், அவற்றுக்குச் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸோவரும் வந்தால் அந்த அளவு அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஏறி இறங்கும். இயர்போனின் ஓம் குறைந்த இடத்தில் சத்தமும் கூடுதலாக இறங்கும். ஒரு இடத்தில் 8 ஓம், இன்னொரு இடத்தில் 32 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேயர் பக்கம் 1 ஓம் இருந்தால் இரண்டு இடத்துக்கும் வரும் சத்த வித்தியாசம் முக்கால் டெசிபல். யாருக்கும் தெரியாது. 10 ஓம் இருந்தால் 4.7 டெசிபல் அளவில் வரும். அது நாதஸ்வரக்காரரை வீதிக்கு அனுப்பப் போதும். ஆப்பிளின் டொங்கிள் 1 ஓமுக்குக் கிட்ட. 2012இல் வந்த ஆஸ்டெல் அண்ட் கேர்ன் ஏகே100 பிளேயரில் அது 22 ஓம், மார்க் 2 வந்தபோது 3 ஆக்கினார்கள். 9 ஓம் என்று குறித்த ஷுவர் எஸ்ஈ846 இயர்போனை முதல் ஏகே100இல் குத்தினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பிளேயரின் ஓம் இயர்போனின் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

ஒப்பிடும்போது சத்தத்தையும் சமப்படுத்துங்கள், கூடச் சத்தமாகக் கேட்பது எப்போதும் நல்லதாகத்தான் தெரியும். காக்காவுக்கு, பிளேயருக்கும் ஜாக்குக்கும் நடுவில் பூட்டும் ஒரு 75 ஓம் அடப்டர் போதும், இரைச்சல் போய்விடும்.

என் அனுபவமா? பேஸ் கூடிப்போய் வெறுத்து இரண்டு வகை டிரைவர் கலந்த ஹைபிரிட் இயர்போன் ஒன்றை விற்றேன். வாங்கினவன் தன் பிளேயரில் போட்டுவிட்டு இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை என்கிறான். இன்னும் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

ஏறாவூர் ரயில்:
அண்ணன், மேலே 10 ஓமே கூடாது என்று வகுப்பு எடுத்துவிட்டு கீழே 75 ஓம் அடப்டரைப் பூட்டச் சொல்கிறீர்களே? காக்கா, வாங்காதீர்கள். நான் வாங்கினேன். கொழும்பு இரவு ரயிலில் ஓடும்போது இரைச்சல் தெரியாது, கல் ஓயா சந்தியில் நின்றால் தெரியும். அடப்டரைப் போட்டேன், சுத்தமான அமைதி. அப்புறம் பாட்டு தொடங்கியது. பாடுகிற அம்மாவின் குரல் தடித்து ஆண்குரல் பக்கம் சாய்ந்துவிட்டது, சிம்பலைக் காணவே இல்லை. ரயில் மாகோ போகும்வரை கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தேன், எதிர் சீட்டில் இருந்தவர் போலீஸைக் கூப்பிடாத குறை.

தொடராக ஒரு தடை மட்டும் போட்டால் இப்படித்தான். ஐஃபை ஐஈமேட்ச் மாதிரிச் சாமானில் ஒன்று தொடராக, ஒன்று குறுக்காக இருக்கும். இரைச்சலும் இறங்கும், இயர்போனுக்குத் தெரிகிற ஓமும் குறைவாகவே இருக்கும். விலைதான் கைக்கு எட்டாது.

கல்முனை வயர்மேன்:
75 சில மொடலுக்கு நன்றாகவே வேலை செய்யும். இம்பீடன்ஸ் கோடு தட்டையாக, அதாவது எல்லா அதிர்வெண்ணிலும் ஓம் ஏறக்குறைய ஒரே அளவாக உள்ளதற்கு. பொதுவாகச் சொன்னேன்.

ஏறாவூர் ரயில்:
காக்காவிடம் அந்தக் கோட்டைக் கேட்டுவிட்டா சொன்னீர்கள்?

அக்கரைப்பற்றுக் கடை:
சண்டை பிடிக்காதீர்கள். பொத்துவிலில் இருந்து ஒரு பெடியன் வந்தான், கேபிள் பழுது, காசைத் திருப்பித் தாருங்கள் என்று. கடைப் போனில் போட்டுக் காட்டினேன், சரி என்றான். தன் பிளேயரில் போட்டான், பேஸ் வேறு மாதிரி என்றான். பார்த்தால் அவன் கேட்பது 4.4 மில்லிமீட்டர் பெலன்ஸ்ட் ஓட்டையில். முனை மாற்றுகிற கேபிள் அது, அதே கேபிளில் முனையை மட்டும் மாற்றி வழமையான 3.5 ஓட்டையில் குத்தச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிஷம் கேட்டான். "இதுதான் அண்ணன்" என்றான். பெலன்ஸ்டில் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு அம்ப் என்பதால் வெளியீட்டு ஓமும் வழமையாக இரண்டு மடங்கு. அதைச் சொன்னால் அவனுக்கு ஏறவில்லை. 4.4 என்றால்தான் உயர்ந்தது என்று எங்கேயோ வாசித்திருக்கிறான். கடைசியில் நல்லது எது என்று தெரிந்துகொண்டே 4.4 முனையைத் திரும்பப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினான். காசு திருப்பிக் கேட்கவில்லை, ஆனால் கூகுளில் இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறான்.