முளைகட்டின ராகி மாவு ஒரு தடவ கெட்டி, ஒரு தடவ தண்ணி… ஏன்?

சிப்புட்_அக்கா:
வணக்கம், நான் மலேசியால சுங்கை சிப்புட்ல எஸ்டேட் பக்கம் வீட்லயே முளைகட்டின ராகி மாவு அரைச்சு விக்கிறேன், பிள்ளைங்க கஞ்சிக்குத்தான் நெறைய பேரு வாங்குறாங்க. போன மாசம் ஒரு அம்மா "கஞ்சி தண்ணியா ஓடுது, என்னத்த கலந்தீங்க"ன்னு கேட்டுட்டாங்க, மனசே விட்டுப்போச்சு. ஒரு ராத்திரி ஊற வெச்சு, துணியில கட்டி ரெண்டு நாள், வேரு ஒரே அளவுக்கு வந்ததும்தான் எடுக்குறேன், ஆனா அடுத்த பேட்ச் களி மாதிரி கெட்டி! முளை சரியா வந்திருக்கான்னு சட்டுனு பாக்க மெஷின் கிஷின் இருக்கா?

மாவுமில்_தம்பி:
அக்கா, தண்ணியா போனதுதான் நல்ல பேட்ச் லா. முளைக்கிறப்ப அமைலேஸ்னு என்சைம் ஊறும், அது மாவுச்சத்த வெட்டி கஞ்சிய இளக்கிடும், அதனால பிள்ளைக்கு அதே கிண்ணத்துல கூட மாவு போட்டு ஊட்டலாம். கோதுமைக்கு லேப்ல ஃபாலிங் நம்பர் பாப்போம், 7 கிராம் மாவு 25 மில்லி தண்ணி ட்யூப்ல போட்டு கொதிக்கிற தண்ணில வெச்சு, 60 செகண்ட் கலக்கிட்டு அந்த கலக்குற கம்பிய விட்டா அது கீழ எறங்குற வரைக்கும் மொத்தம் எத்தன செகண்டுன்னு கணக்கு. 300க்கு மேல வந்தா முளைக்காத கோதுமை, நல்லா முளைச்சதுன்னா 62லயே தொப்புனு விழுந்துடும். ஆர்விஏன்னு இன்னொன்னு, கஞ்சி எவ்ளோ கெட்டின்னு அளக்குற மெஷின், ஆஸ்திரேலியாக்காரங்க மழையில முளைச்ச கோதுமைய பிடிக்கன்னே செஞ்சது, அந்த காசுக்கு ஒரு காரு வாங்கிடலாம். ஆமா, அந்த கெட்டி பேட்ச எப்டி காய வெச்சீங்க?

சிப்புட்_அக்கா:
அந்த வாரம் பூரா மத்தியானம் ஆனா மழை. வாடை வந்துடும்னு சட்டியில வாசம் வர வறுத்துட்டேன்.

மாவுமில்_தம்பி:
அங்கதான் போச்சு, ஈரத்தோட அந்த சூட்டுல என்சைம் செத்துடும், வேர் நீளத்த பாத்து இது தெரியாது. சோளமாவு கஞ்சி கெட்டியா காய்ச்சி ரெண்டு கிளாஸ்ல ஊத்துங்க, கை பொறுக்குற சூடு வந்ததும் ஒன்னுல மட்டும் உங்க மாவு ஒரு டீஸ்பூன் கலக்குங்க. பத்து நிமிஷத்துல அது இளகினா என்சைம் இருக்கு. பாத்துட்டு கொட்டிடுங்க, பிள்ளைக்கு கொடுக்காதீங்க.

லயத்துப்பேரன்:
ராகி பழசான்னும் பாருங்க. விதை லேப்ல பார்லிய நெடுக்க வெட்டி டெட்ராசோலியம்னு ஒரு சாய மருந்துல ஊறப்போட்டா உசுரு உள்ள கரு சிவக்கும், ராகிய யாரு உக்காந்து வெட்டுறது 😅 ஈர டிஷ்யூல நூறு விதைய எண்ணிப் போட்டு எத்தன முளைக்குதுன்னு பாருங்க, போதும்.

சிப்புட்_அக்கா:
தம்பி செஞ்சு பாத்துட்டேன்! அந்த தண்ணி பேட்ச் மாவு போட்டது மோர் மாதிரி ஓடுது, வறுத்த மாவு போட்டது கரண்டியில அப்படியே நிக்குது. அந்த அம்மாவுக்கு போன் போடணும். மழைக்கு எங்க காய வைக்கிறது, அத சொல்லுங்க.

லயத்துப்பேரன்:
எங்கம்மா பாய்ல மெலிசா பரப்பி ராத்திரி பூரா ஃபேன் போட்டுடுவாங்க, கரண்ட் பில்லுக்கு அப்பாதான் கத்துவாரு.