கண்ணாடி மணி ஆறும்போது விரிசல்: பழைய மின் உலை சரிப்படுமா?

வணக்கம். டார்ச் நெருப்பில் கண்ணாடிக் குச்சியை உருக்கி, எஃகுக் கம்பியில் சுற்றி மணி செய்யப் பழகுகிறேன். பொழுதுபோக்குதான், விற்கும் எண்ணமில்லை. உருண்டை ஓரளவு கைக்கு வந்துவிட்டது. சிக்கல் ஆறும்போது. சின்ன மணிகள் தப்பிவிடுகின்றன. கொட்டைப்பாக்கு அளவுக்குப் போனால் மறுநாள் துளையை ஒட்டி விரிசல்.

வெளிப்பக்கம் முந்தி இறுகி, உள்ளே சூடு நிற்பதால்தான் இது என்று தெரியும். சோடா சுண்ணாம்புக் கண்ணாடியை 500 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சற்று நேரம் வைத்து மெல்ல இறக்க வேண்டும். அதற்கான சூளையின் விலையைக் கேட்டால் ஆசையே ஆறிப்போகிறது! இப்போதைக்குச் சுடவைத்த வெர்மிகுலைட்டில் (சூட்டை எளிதில் விடாத கனிமத் துகள்) புதைக்கிறேன். அது ஆறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

நகைப் பட்டறையிலோ பல் செட் செய்யுமிடத்திலோ கழித்துவிட்ட மின் உலையை யாராவது இதற்குப் பயன்படுத்தியிருக்கிறீர்களா? அந்தச் சூட்டில் அசையாமல் நிற்குமா, தனியாகக் கன்ட்ரோலர் போட வேண்டுமா?

ஆய்வகக் குழாயை உருக்கச் சொல்லாதீர்கள். அது போரோசிலிக்கேட் என்ற வேறு வகைக் கண்ணாடி, விரிவெண் (சூட்டில் எவ்வளவு விரியும் என்ற அளவு) 33. என் குச்சிகள் 104. ஒன்றாகச் சேர்த்தால் வெடிக்கும்.

அப்புறம், நெருப்பில் கண்ணாடியிலிருந்து கிளம்பும் சோடியத்தின் மஞ்சள் ஒளியை மறைக்கும் டிடிமியம் மூக்குக்கண்ணாடி மதுரைப் பக்கம் எங்கே கிடைக்கும்? கறுப்புக் கண்ணாடி போட்டால் மணியே தெரிவதில்லை.

பழங்காலத்தில் புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் மணி செய்தவர்கள் கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கினார்கள், அது வேறு வித்தை. கம்பியில் சுற்றிப் பழகியவர்கள் சொன்னால் நல்லது.