இகாருகா மூன்றாம் கட்டம்: நிறம் மாற்றும்போது கை தடுமாறுகிறது

அல்சூர் வாசி:
வணக்கம். கணினி ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் இகாருகா என்ற விண்கலச் சுடும் ஆட்டத்தை வாங்கி ஆறு வாரம் ஆகிறது. இதில் நம் விண்கலத்தை வெள்ளை, கறுப்பு என்று மாற்றிக்கொள்ளலாம்; தன் நிறத் தோட்டாவை அது விழுங்கிவிடும், எதிர் நிறத் தோட்டா பட்டால் அழிந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். நார்மல் நிலையில் இரண்டு கட்டங்களைத் தாண்டிவிடுகிறேன். மூன்றாவதில் சுவர்களுக்கு நடுவே புகுந்ததும் எல்லா லைஃபும் கரைந்துவிடுகிறது. வெள்ளைத் தோட்டாவும் கறுப்புத் தோட்டாவும் பின்னிக்கொண்டு வரும்போது என் விண்கலம் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதே மறந்துபோகிறது. விட்டுவிட மனமில்லை. நீங்கள் எப்படிப் பழகினீர்கள்?

சிவாஜிநகர் ஆட்டக்காரர்:
ஈஸி நிலைக்கு மாறுங்கள். அங்கே செத்த எதிரி திருப்பிச் சுடாது. தைரியம் வந்த பிறகு நார்மலுக்கு வரலாம்.

மர்ஃபி டவுன்காரன்:
எனக்கு அதில் உடன்பாடில்லை, தம்பி. அந்தத் திருப்பிச் சுடுதலில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது. எதிர் நிறத்தால் அடித்தால் சேதம் இரட்டிப்பு, ஆனால் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது. அதே நிறத்தால் அடித்தால் எதிரி சிதறும்போது தோட்டாக்கள் உங்களை நோக்கிப் பாய்ந்து வரும். அவை உங்கள் நிறம், அத்தனையும் தீனி. விழுங்க விழுங்க லேசர் சேர்ந்து, ஒரே நேரத்தில் 12 கதிர்கள் வரை பாயும். நிறம் மறந்துபோவதற்குக் காரணம், தோட்டா என்றாலே விலக வேண்டும் என்று உங்கள் கை இன்னும் நினைப்பதுதான்.

ஒரு வாரம் முதல் கட்டத்தை மட்டும், ஒரு முறைகூடச் சுடாமல் ஆடுங்கள். கட்டத் தலைவன், அதாவது கட்ட முடிவில் வரும் பெரிய எதிரிகூட, நேரம் முடிந்தால் தானாகவே போய்விடும். சுடாமலே முடித்தால் 'டாட் ஈட்டர்' என்ற பட்டம் தருகிறார்கள். இப்படியும் ஆட வேண்டும் என்று நினைத்தே செய்திருக்கிறார்கள். ஐந்தாம் கட்டத்தின் கடைசி 60 நொடிகளில் சுடவே முடியாது, அப்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். ஆனால் எதிரியின் உடலிலும் சுவரிலும் மோதினால் எந்த நிறமும் காப்பாற்றாது.

இன்னொன்று, திரையை நிமிர்த்தி வையுங்கள். 2001 இல் ட்ரெஷர் நிறுவனம் இதை ஆர்கேடு பெட்டியின், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் எந்திரத்தின், நெட்டைத் திரைக்காகவே செய்தது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய மானிட்டரை இரண்டு செங்கல்லுக்கு நடுவே பக்கவாட்டில் நிறுத்தி, அமைப்பில் படத்தைத் திருப்பிவிட்டேன். தோட்டா மேலிருந்து இறங்கி வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது அன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அல்சூர் வாசி:
ஒன்பது நாள் சுடாமல் ஆடினேன், அண்ணா. முதல் மூன்று நாள் கட்டை விரலைச் சுடும் பொத்தானிலிருந்து எடுப்பதே பெரும்பாடு. நேற்று முதல் கட்டத்தில் 'டாட் ஈட்டர்' வந்தது. அதே கையோடு மூன்றாம் கட்டத்துக்குப் போனேன். வெள்ளை லேசர் என் வெள்ளை விண்கலத்தைப் பின்னால் தள்ளியது. ஒதுங்காமல் அதன் நடுவிலேயே நின்றேன். தலைவனைப் பார்த்துவிட்டேன், இன்னும் வெல்லவில்லை. இன்றிரவு மறுபடியும் உட்காருகிறேன்.