ஹரிகேனுக்குள் விமானம் ஓட்டிப் போகிறார்களே, உடையாதா?

முகிலன்:
அமெரிக்காவில் பெரிய புயல் வரும்போதெல்லாம் ஹரிகேன் ஹண்டர்ஸ் என்ற புயல் ஆய்வுக் குழுவின் விமானம் அதன் கண்ணுக்குள்ளேயே, அதாவது நடுவில் அமைதியாக இருக்கும் பகுதிக்குள்ளேயே, போய்விட்டு வருகிறது. நாம் ஏறும் விமானமோ இடிமேகத்தைக் கண்டாலே சுற்றிக்கொண்டு போகிறது. 250 கி.மீ. காற்றில் இறக்கை பிய்ந்து போகாதா? அதோடு, மேலே இத்தனை சாட்டிலைட் இருக்கும்போது எதற்கு இந்த வேலை?

காற்றாடி:
காற்றின் வேகம் மட்டும் விமானத்தை உடைக்காது. சீராக அடிக்கும் காற்று விமானத்தையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான். பைலட் மூக்கைக் கொஞ்சம் காற்றுப் பக்கம் திருப்பி வைத்து ஓட்டுவார். கண்ணைச் சுற்றியுள்ள மேகச்சுவரில் திடீரென்று மேலே தூக்கிக் கீழே போடும் காற்றுதான் ஆபத்து. பலமான புயலில் சுமார் 10,000 அடியில் போவது அதனால்தான், தாழப் பறந்தால் சமாளிக்க உயரம் இருக்காது. 1989-ல் ஹியூகோ புயலுக்குள் நோவா என்ற அமெரிக்க வானிலை, கடல் ஆய்வு அமைப்பின் பி-3 விமானம் 1,500 அடியில் நுழைந்து, ஓர் எஞ்சின் தீப்பிடித்து, எப்படியோ கண்ணுக்குள் வந்து சேர்ந்தது. அங்கேயே வட்டமடித்து மெல்ல மேலேறி, விமானப்படையின் இன்னொரு விமானம் சுவரில் கொஞ்சம் சாதுவான இடமாகத் தேடிச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தார்கள். படிக்கவே வயிற்றைக் கலக்கும்.

தேவி:
சாட்டிலைட் பெரும்பாலும் மேகத்தின் தலையைத்தான் பார்க்கிறது, கடல்மட்டத்தில் அழுத்தம் எவ்வளவு என்று அதனால் நேரடியாக அளக்க முடியாது. விமானத்திலிருந்து டிராப்சோண்ட் என்ற குழாயைக் குட்டிப் பாராசூட்டோடு போடுவார்கள், அது கடலைத் தொடும் வரை அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் ரேடியோவில் அனுப்பிக்கொண்டே விழும். கண்ணைப் பல தடவை குறுக்கே கடப்பதால் புயல் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் பிடிபடும். 2023 அக்டோபரில் ஓடிஸ் புயல் வந்தபோது, சாட்டிலைட் படத்தை வைத்துக் கணித்ததைவிடப் புயல் வெகு பலமாக இருப்பது விமானம் போன பிறகுதான் தெரிந்தது. அன்று நள்ளிரவே மெக்சிகோவின் அகாபுல்கோ பக்கம் கேட்டகரி 5, அதாவது உச்ச பலமுள்ள புயலாகக் கரையேறியது. விமானமும் போகாமல் இருந்திருந்தால் அந்தச் சில மணி நேர எச்சரிக்கைகூடக் கிடைத்திருக்காது.

முகிலன்:
சரி, இதுவரை ஒன்றுகூட விழுந்ததில்லையா?

காற்றாடி:
ஏன் இல்லை? 1955-ல் ஜேனட் புயலுக்குள் போன கடற்படையின் நெப்டியூன் விமானம் 11 பேரோடு கரீபியனில் காணாமல் போனது, அதில் இரண்டு பேர் கனடா பத்திரிகைக்காரர்கள்.

தேவி:
இதை ஆரம்பித்து வைத்ததே ஒரு பந்தயம் என்பார்கள். 1943 ஜூலையில் அமெரிக்க ராணுவ விமானி ஜோசப் டக்வொர்த் டெக்சாஸில் ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்தில் புயலுக்குள் போய்த் திரும்பினார். இறங்கியதும் வானிலை அதிகாரி நானும் வருகிறேன் என்று நிற்க, அவரையும் ஏற்றிக்கொண்டு அன்றே மறுபடி போனார்!