படித்தது மனதில் நிற்க வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். குரூப் 4 தேர்வுக்கு வீட்டிலிருந்தே படிக்கிறேன். இரண்டு சின்னப் பிள்ளைகள். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை மூன்று முறை படித்து, மஞ்சள் மார்க்கரால் கோடும் போட்டாயிற்று. நேற்று புத்தகத்தை மூடிவிட்டு, வேலூர் புரட்சி எந்த ஆண்டு என்று என்னையே கேட்டேன். இடது பக்க ஓரத்தில் போட்ட மஞ்சள் கோடு அப்படியே கண்ணில் நிற்கிறது, 1806 மட்டும் வரவில்லை. அழுகையே வந்துவிட்டது.

திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, பார்க்காமல் சொல்லிப் பார்த்தால்தான் நினைவில் தங்கும் என்கிறார்கள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, முதல் சில மணி நேரத்திலேயே நிறைய மறந்துபோகும் என்று 1885-லேயே எழுதியிருக்கிறார். அதனால்தான் இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டுமாம். நல்ல தூக்கமும் வேண்டும். எனக்கு அதுதான் குறைவு.

சரி, நீங்கள் எத்தனை நாள் இடைவெளியில் திருப்பிப் பார்க்கிறீர்கள்? அட்டையில் கேள்வி எழுதிப் படித்தவர்கள், இடைவெளி விட்டுக் கேள்வி அட்டைகளைக் காட்டும் ஆன்கி செயலியைத் தமிழில் பயன்படுத்தியவர்கள் இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். ஆண்டுகளும் அரசியலமைப்புப் பிரிவு எண்களும்தான் ரொம்பப் படுத்துகின்றன.